சாம்சங் பிஎம்9ஏ1: பெட்டி இல்லாத 980 ப்ரோ

சாம்சங் பெட்டியில் போட்டுக் கடைகளில் விற்கும் எஸ்எஸ்டி (கணினியின் சேமிப்பு டிரைவ்) 980 ப்ரோ. அதைவிட விலை குறைவு என்று சொல்லி விற்கப்படும் பிஎம்9ஏ1, லேப்டாப் நிறுவனங்களுக்காகச் செய்த ஓஇஎம் எஸ்எஸ்டி. இரண்டிலும் டிரைவை இயக்கும் சிப் ஒரே எல்பிஸ் கன்ட்ரோலர், தரவு பதியும் நினைவகம் ஒரே வகை டிஎல்சி வி-நாண்ட், கணினியோடு இணையும் வழி அதே பிசிஐஇ 4.0. 1 டிபி மாடலில் படிக்கும் வேகம் இரண்டுக்குமே நொடிக்கு 7000 எம்பி என்றுதான் போட்டிருக்கும். விண்டோஸ் திறப்பதிலோ கேம் லோட் ஆவதிலோ வித்தியாசம் தேடினாலும் கிடைக்காது. விலையில் கழிவது, வாங்கிய பிறகு சாம்சங்கிடம் நாம் கேட்கக்கூடியவை.

முதலாவது வாரண்டி. 980 ப்ரோ 1 டிபிக்கு 5 வருடம் அல்லது 600 டிபி எழுதும் வரை, எது முந்துகிறதோ அது. பிஎம்9ஏ1-க்கு சாம்சங் பொறுப்பேற்பது லேப்டாப் நிறுவனத்திடம் மட்டும். தனியாக வாங்கியவருக்கு விற்ற கடைதான் கதி. எத்தனை மாதம், மாற்றித் தருவார்களா, பழுது பார்ப்பார்களா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஃபர்ம்வேர், அதாவது டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். 2 டிபி 980 ப்ரோவில் '3பி' என்று தொடங்கும் ஃபர்ம்வேர் சில டிரைவ்களைப் படிக்க மட்டும் முடிகிற நிலைக்குத் தள்ளியது. 2023 தொடக்கத்தில் இது பெரிதாகப் பேசப்பட்டது. சாம்சங்கின் மெஜிஷியன் மென்பொருளைத் திறந்து முன்கூட்டியே '5பி' பதிப்புக்கு மாறியவர்கள் தப்பித்தார்கள். பிஎம்9ஏ1-இல் மெஜிஷியன் ஃபர்ம்வேரைத் தொடாது. பழைய டிரைவை அப்படியே நகலெடுக்கும் சாம்சங்கின் டேட்டா மைக்ரேஷனும் ஓடாது, குளோன்ஸில்லா போன்ற வேறு நகலெடுக்கும் மென்பொருளைத்தான் நம்ப வேண்டும். அப்டேட் வருவது லெனோவோ, எச்பி, டெல் வழியாக. லேபிளில் மாடல் எண்ணின் கோட்டுக்குப் பின்னால் 00பிஎல்7 என்றிருந்தால் லெனோவோவுக்குச் செய்தது, 00பிஎச்1 என்றால் எச்பி. 00பி00 என்பது யாருக்கும் சொந்தமில்லாத பொது டிரைவ். அதற்கு அப்டேட் தருவார் இல்லை. லெனோவோவின் அப்டேட்டரும் பெரும்பாலும் அதை ஏற்காது. ஆகவே ஒரே விலையில் இரண்டு கிடைத்தால், உங்கள் லேப்டாப் எந்த நிறுவனமோ அந்த நிறுவனத்தின் எண் உள்ளதை எடுங்கள்.

கடையில் பெட்டியோடு விற்கும் ரீடெயில் டிரைவ் என்றால் உள்ளே எதுவும் மாறாது என்றும் நினைக்க வேண்டாம். 2021-இல் 970 ஈவோ பிளஸ், பெயர் மாறாமலே ஃபீனிக்ஸ் கன்ட்ரோலரிலிருந்து எல்பிஸுக்கு மாறியது.

'புதுசு' என்று தரப்படும் பிஎம்9ஏ1 லேப்டாப்பில் இருந்து கழற்றியதாகவும் இருக்கலாம். கடையிலேயே டிரைவின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் போட்டுப் பாருங்கள். இயங்கிய மணி நேரமும் மொத்தம் எழுதிய ஜிபியும் மேலே வலப்பக்கம் இருக்கும். தொழிற்சாலைச் சோதனைக்குச் சில மணி நேரம் ஓடியிருப்பது சகஜம், நூற்றுக்கணக்கில் இருந்தால் புதியதல்ல. கீழே அட்டவணையில் 05 என்ற வரியில் தேய்மான சதவீதம், 0இ என்ற வரியில் தரவுப் பிழைகள். அந்த வரிகளின் மதிப்புகள் வழக்கமாக ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) தெரியும். 0ஏ என்றால் பத்து. மெனுவில் அதை டெசிமலுக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள். 0இ பூஜ்யமாக இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், பேரம் பேசக்கூட வேண்டாம்.

அலுவலக லேப்டாப்பில் இருந்து வந்த டிரைவ் ஓபல் பூட்டுடனும் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் கடவுச்சொல் பூட்டு) வரக்கூடும். டிரைவ் தெரியும், ஃபார்மட் மட்டும் ஆகாது. லேபிளில் பிஎஸ்ஐடி என்ற 32 எழுத்து எண் அச்சாகியிருந்தால், செட்யூட்டில் (sedutil) என்ற மென்பொருள் கருவியில் அதைக் கொடுத்துப் பூட்டைக் கழற்றலாம்; உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். வெப்பம் தணிய அந்த லேபிளை உரித்திருந்தால் அந்த வழியும் அடைபட்டது.

980 ப்ரோவைவிடக் கால்வாசியாவது விலை குறைந்தால் பிஎம்9ஏ1 லாபம். பேக்கப் உள்ள கணினிக்கும் கேம் டிரைவுக்கும் தாராளமாகப் போடலாம். பிஎஸ்5-இலும் ஓடும், ஹீட்சிங்க் மட்டும் தனியாக வாங்க வேண்டும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், கணக்கு வழக்கு வைத்திருக்கிறவர் ரீடெயில் பெட்டியையே வாங்கட்டும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் டிரைவில் உள்ளதும் ஒன்றுதானா என்று பணம் கொடுக்கும் முன்பே ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.