தில்லியில் தாத்தா வீடு இருக்க ஓட்டல் எதற்கு?

என் மாமனாரும் மாமியாரும் தில்லி மயூர் விஹாரில் இருக்கிறார்கள். எழுபதுகளில் மத்திய அரசு வேலைக்காக அங்கே போன மாமனார் ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. நாங்கள் சென்னையில். பையன் ஏழாவது படிக்கிறான், பெண் இரண்டாவது. அரையாண்டு விடுமுறைக்குத் தில்லி போனால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். தாத்தா பாட்டியோடு பிள்ளைகள் இருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்த செங்கோட்டையையும் குதுப் மினாரையும் நேரில் காட்டவும் வேண்டும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, முழுக்கத் தாத்தா வீட்டிலேயே தங்கி, தினமும் காலையில் கிளம்பி ஊர் சுற்றிவிட்டு இரவு திரும்புவது. இன்னொன்று, முதலில் நகரத்தின் நடுவில் இருக்கும் கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு ஓட்டலில் தங்கி ஊரைப் பார்த்து முடித்துவிட்டு, அப்புறம் பெட்டி படுக்கையோடு தாத்தா வீட்டுக்குப் போய் எங்கும் நகராமல் இருப்பது. வெவ்வேறு ஆண்டுகளில் இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. நான் இரண்டாவது கட்சி.

எல்லோரும் கேட்கும் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். செலவு: ஓட்டல் வாடகை அதிகப்படிதான், அதில் வாதமே இல்லை. சாப்பாடு: வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடில்லை, ஆனால் கன்னாட் பிளேஸைச் சுற்றி இட்லி, தோசைக்குப் பஞ்சம் கிடையாது. ரயிலா விமானமா என்பது தனிக் கதை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள். டிசம்பர் கடைசியில் பனிமூட்டம் இரண்டையும் தாமதப்படுத்தும். விமானம் என்றால் மதியத்தில் இறங்குவதுபோல் எடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்து தூரம். மயூர் விஹார் யமுனைக்குக் கிழக்கே இருக்கிறது; பார்க்க வேண்டியதில் பெரும்பாலானவை ஆற்றுக்கு மேற்கே. குதுப் மினாருக்குப் போக வீட்டிலிருந்து இ-ரிக்‌ஷா, மெட்ரோவின் ப்ளூ லைன், கன்னாட் பிளேஸ் நிலையமான ராஜீவ் சௌக்கில் இறங்கி அந்தக் கூட்டத்தில் யெல்லோ லைன், குதுப் மினார் நிலையத்தில் இறங்கி மறுபடி ஒரு ஆட்டோ. நிலையத்துக்கு அந்தப் பெயர் இருக்கிறதே தவிர, மினார் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இல்லை, குறைந்தபட்சம் ஏழு வயதுக்காரியின் காலுக்கு இல்லை. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். டிசம்பரில் தில்லியில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. காலையில் பனி விலகி, குழந்தைகளைக் குளிப்பாட்டி வெளியே வரவே பத்து ஆகும். மிச்சமிருக்கும் பகலில் பாதி மெட்ரோவுக்கே போய்விடும்.

குளிப்பாட்டுவது என்று சொன்னேனே, அதையும் சும்மா விட முடியாது. வீட்டில் ஒரே கீசர். ஆறு பேர் வரிசையில் நிற்க, மாமியார் இன்னொரு பக்கம் வாளியில் இம்மர்ஷன் ராடு போட்டு, யாரும் கிட்டே போகாதபடி காவல் நிற்பார். ஓட்டலில் இந்தப் பிரச்சினை இல்லை. அறையிலிருந்து இறங்கினால் ஜன்பத் நிலையம்; வயலெட் லைனில் ஐந்தாவது நிறுத்தம் செங்கோட்டை. ஜந்தர் மந்தருக்கு நடந்தே போகலாம். மதியம் சின்னவள் சோர்ந்துவிட்டால் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் தூங்க வைத்து, சாயங்காலம் இந்தியா கேட்டுக்குக் கிளம்பலாம். வீட்டில் தங்கினால் மதியத் தூக்கம் என்ற பேச்சே கிடையாது, கிளம்பினால் கிளம்பியதுதான்.

ஆனாலும் தூரத்துக்காகவும் கீசருக்காகவும் மட்டும் நான் ஓட்டல் பக்கம் சாயவில்லை. அவற்றைச் சமாளித்துவிடலாம், டாக்சி வைத்துக்கொள்ளலாம். சமாளிக்க முடியாத விஷயம் வேறு: தாத்தா பாட்டியும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் விழித்திருக்கும் நேரம். வீட்டில் தங்கினால் அவர்களோடு இருப்பதாக நமக்குத் தோன்றும். எத்தனை மணி நேரம் இருக்கிறோம் என்று கூட்டிப் பாருங்கள். காலையில் அவசரம்: சாக்ஸ் எங்கே, குல்லா எங்கே, தண்ணீர் பாட்டில் எங்கே. இரவு எட்டரைக்குத் திரும்பும்போது சின்னவள் தோளில் தூங்கிக்கொண்டிருப்பாள், பெரியவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் புகுந்துவிடுவான். நடுவில் இருக்கும் முழுப் பகலும் தாத்தா டிவி முன்னால், பாட்டி அடுக்களையில். வீடு லாட்ஜ் மாதிரி ஆகிவிடுகிறது, அதுவும் பாட்டியே சமையல்காரராக இருக்கும் லாட்ஜ்.

பாட்டியின் பக்கத்திலிருந்து பாருங்கள். நாங்கள் கையில் எடுத்துப் போக ஐந்து மணிக்கே எழுந்து சப்பாத்தி இடுவார். குளிரில் அந்த முழங்கால்களோடு. சாயங்காலம் ஆறு மணி ஆனால் போன் வரும்: “எங்க இருக்கீங்க? அரிசி வைக்கட்டுமா?” ராஜீவ் சௌக்கில் இருக்கிறோம் என்போம். அரை மணி கழித்து மறுபடி போன். வைத்த அரிசி ஆறிவிடும், ரசத்தை மறுபடி சுட வைப்பார். நாங்கள் வந்து சேரும்வரை இரண்டு பேரும் சாப்பிட மாட்டார்கள். மாமனாருக்குச் சர்க்கரை உண்டு, வேளைக்குச் சாப்பிட வேண்டும். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் அவர்கள் இதைப் பாரமாக எண்ண மாட்டார்கள்; கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். நாம்தான் எண்ண வேண்டும்.

ஓட்டலில் தங்கி ஊரைப் பார்த்துவிட்டு வந்த ஆண்டு கதை வேறு. வீட்டுக்குப் போன பிறகு எங்கும் கிளம்ப வேண்டிய அவசியமே இல்லை. பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் வெயில் வரும். பாயை விரித்து, கின்னு ஆரஞ்சை உரித்துக்கொண்டு தாத்தா உட்கார்ந்தால் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடுவார்கள். நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் இதில் கிடைத்தது. பிள்ளைகள் இடங்களைப் பார்த்துவிட்டு வந்ததால் தாத்தாவிடம் கேட்க அவர்களுக்குக் கேள்விகள் இருந்தன. குதுப் மினாருக்குள் இப்போது யாரும் ஏற முடியாது. 1981-ல் உள்ளே படிக்கட்டில் விளக்கு அணைந்து, நெரிசலில் பள்ளிப் பிள்ளைகள் பலர் இறந்துபோனார்கள். அதிலிருந்து கதவை அடைத்துவிட்டார்கள். தாத்தாவோ அதற்கு முன்பே, கல்யாணம் ஆகாத காலத்தில், முதல் மாடம் வரை ஏறியவர். உள்ளே எவ்வளவு இருட்டு, படி எவ்வளவு குறுகல் என்று அவர் கையை விரித்துக் காட்ட, பையன் வாயைப் பிளந்து கேட்டான். மினாரைப் பார்க்காமல் இதைக் கேட்டிருந்தால் பழங்கதை என்று எழுந்து போயிருப்பான். அதனால் வரிசை முக்கியம்: முதலில் ஊர், அப்புறம் தாத்தா வீடு. தாத்தா வீட்டிலிருந்து ஓட்டலுக்குக் கிளம்புவது பார்க்கவும் நன்றாக இருக்காது, வீட்டை விட்டுப் போவது போல.

சரி, பெரியவர்கள் மனம் நோகாதா? நோகும். சொந்த வீடு இருக்கும்போது மகன் ஓட்டலில் தங்குகிறான் என்றால், எதிர் பிளாட்காரர் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்ற கவலை மாமியாருக்கு. ஒரு யோசனை: இதை மருமகள் வாயால் சொல்லவே கூடாது, மகன்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஓட்டலில் தங்கப் போகிறோம் என்று ஆரம்பிக்கக் கூடாது. “கடைசி நாட்கள் முழுக்க உங்களோடதான், எங்கயும் போக மாட்டோம்” என்று ஆரம்பிக்க வேண்டும். ஓட்டல் நாட்களில் ஒரு மதியம் அவர்களை டாக்சி வைத்து இந்தியா கேட்டுக்கு வரச் சொல்லுங்கள். படி ஏற வேண்டியதில்லை, உட்கார இடம் இருக்கிறது, பக்கத்திலேயே 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகமும் இருக்கிறது. எங்கள் மாமியார் இப்படிச் சமாதானமானார். மாமனார் இன்றுவரை அதை அநாவசியச் செலவு என்றுதான் சொல்கிறார்.

கிழமைக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை செங்கோட்டை, அக்ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், ரயில் அருங்காட்சியகம் எல்லாம் மூடியிருக்கும். ஓட்டலைக் காலி செய்து வீட்டுக்கு மாறும் நாளைத் திங்களாக வைத்துக்கொண்டால் ஒரு நாள் வீணாகாது. திங்களன்றுதான் ஊர் சுற்றியாக வேண்டும் என்றால் குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் திறந்திருக்கும். தொல்லியல் துறையின் இந்த இடங்களில் பதினைந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது.

எல்லாவற்றையும் ஓட்டல் நாட்களிலேயே திணிக்கவும் வேண்டாம். அக்ஷர்தாம் மயூர் விஹாரிலிருந்து அடுத்த மெட்ரோ நிலையம்தான், அதை வீட்டு நாளுக்கு விட்டுவைத்துப் பெரியவர்களையும் கூட்டிப் போகலாம். உள்ளே செல்போன் எடுத்துப் போக முடியாது. பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஹுமாயூன் கல்லறையும் அப்படியே: பிங்க் லைனில் யமுனையைத் தாண்டினால் அடுத்த நிலையம் நிஜாமுதீன், அங்கிருந்து ஆட்டோ.

நான் சொல்வதெல்லாம் டிசம்பருக்கும், ஓடியாடும் வயதுப் பிள்ளைகளுக்கும்தான். மே மாதத்தில் தில்லி சுற்ற நாங்கள் துணிந்ததில்லை. நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் மதியத்துக்கு அறை பக்கத்தில் இருப்பது இன்னும் அவசியப்படும் என்பது என் ஊகம். கைக்குழந்தையோடும் போனதில்லை; அப்படியானால் பாட்டி வீடே மேல் என்று தோன்றுகிறது, இரவில் பால் காய்ச்ச ஓட்டலில் யாரைத் தேடுவது?

தாத்தா வீடு எங்கே இருக்கிறது என்பதும் கணக்கை மாற்றும். கரோல் பாக் என்றால் ராஜீவ் சௌக் மூன்றாவது நிறுத்தம், யாரும் ஓட்டலைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. மதியச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆர்.கே.புரத்தில் இருப்பவர்களுக்கும் குதுப் மினார், ரயில் அருங்காட்சியகம் இரண்டும் கிட்டே. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் பாட்டியோடு போய்வந்துவிடலாம். நொய்டா, துவாரகா, குருகிராம் பக்கம் என்றால் நான் சொன்னது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

ஓட்டலில் தங்குவதாக முடிவு செய்தால் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். டிசம்பர் கடைசி வாரம் கன்னாட் பிளேஸ் பக்கம் வாடகை ஏறிவிடும். ரயில் முன்பதிவு அறுபது நாளைக்கு முன்னால் திறக்கிறது. டிக்கெட் போடுகிற அன்றே அறையையும் போட்டுவிடுங்கள். பிள்ளைகளின் ஆதாரையும் கையில் வைத்திருங்கள், வரவேற்பு மேசையில் கேட்கிறார்கள்.