ஃபோகஸ் லைட் எரிந்தால் ஏசியும் ஓடும் என்று அர்த்தமில்லை: வேனுக்கு ஜெனரேட்டர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

அப்பச்சிக்கு முழங்கால் தேய்மானம். ஆனாலும் தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணத்தை விடமாட்டார். முடிந்த மட்டும் நடக்கட்டும், மற்ற நேரம் கூடவே வண்டியில் வரட்டும் என்று ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கிக் கரூரில் கொடுத்து, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு டன் ஏசி, சின்ன ஃபிரிட்ஜ் வைத்தோம். பாக்கி ஜெனரேட்டர்தான்.

காரைக்குடியில் ஒரு கடை, பெயர் வேண்டாம். "ஒரு டன் ஏசிதானே அண்ணே? 3 கேவிஏ போதும், சும்மா இழுத்துரும்" என்றார் கடைக்காரர். கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு. வாசலிலேயே ஸ்டார்ட் செய்து, கொக்கியில் தொங்கிய ஆயிரம் வாட் ஹாலஜன் ஃபோகஸ் லைட் இரண்டையும் போட்டுக் காட்டினார். பட்டப்பகலில் கண் கூசியது. நானும் மயங்கிவிட்டேன். 62,000 ரூபாய். "பில் போட்டா 18 சதவீதம் கூட வரும், எஸ்டிமேட் போட்டுரவா?" என்றதற்கு, பில் இல்லாத வெறும் சீட்டு போதும் என்று தலையாட்டினேன். அது முழுக்க என் தப்பு.

சிங்கம்புணரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் மத்தியான ஓய்வு. ஏசியைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. மூன்று நிமிடம் கழித்துக் கம்ப்ரஸர் எடுக்க வந்ததும் ஜெனரேட்டர் ஒரு முக்கு முக்கியது, விளக்கு மங்கியது, டப்பென்று ட்ரிப். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தோம், அதே கதை. பழனி போய்ச் சேரும்வரை ஏசி ஒரு நாள்கூட ஓடவில்லை. நல்லவேளை, ஃபிரிட்ஜ் மட்டும் தனியாக ஓடியது. அதில்தான் அப்பச்சியின் இன்சுலின்.

ஊர் திரும்பியதும் மோட்டார் காயில் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் காட்டியது ஸ்டிக்கரை. பெரிய எழுத்தில் 3 கேவிஏ. அதன் கீழே பொடி எழுத்தில் 'மேக்ஸிமம்'. தொடர்ந்து ஓடக்கூடியது 2.5தான். பவர் ஃபேக்டர் (கேவிஏவில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்ற கணக்கு) 0.8 என்று போட்டிருந்ததால் கையில் நிற்பது 2 கிலோவாட். ஒரு டன் ஏசி ஓடும்போது சுமார் 1,200 வாட்தான் எடுக்கும். ஆனால் எங்களுடையது இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசி. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு கரண்டை இழுக்கும். ஹாலஜன் விளக்கு ஜெனரேட்டரை அப்படி முக்க வைப்பதில்லை. கடைக்காரர் விளக்கைப் போட்டுக் காட்டியது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் மூடியைக் கழற்றி, காயிலின் ஓரத்தில் வார்னிஷைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம். உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். "சுத்தக் காப்பர்" என்று கடையில் மூன்று தடவை சொன்னார்கள்.

இதைவிட மோசம், கடையில் கொடுத்த யோசனை: "டிக்கிக்குள்ளயே வச்சு, கதவை லேசா திறந்து விட்டா சத்தம் தெரியாது." ஒரு மணி நேரம் அப்படி ஓட்டியதில் அப்பச்சிக்குத் தலைவலி, குமட்டல். வெளியே இறக்கி வைத்த பிறகுதான் சரியானது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. உள்ளே தூங்குபவர் எழுந்திருக்காமலே போகலாம். தயவுசெய்து வண்டியை விட்டுத் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வையுங்கள்.

கடைக்குப் போனேன். "கரண்ட் அயிட்டத்துக்கு ரிட்டர்ன் இல்ல அண்ணே." வாரண்டி அட்டையில் சீல் இல்லை, சீரியல் நம்பரும் எழுதவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். என் கையில் இருப்பதோ கடை பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச்சீட்டு.

இப்போது அந்த ஜெனரேட்டர் ரெண்டாங்கட்டில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. வரும் தைப்பூசத்துக்கு வேறொரு ஜெனரேட்டரை வாடகைக்குத்தான் பேசியிருக்கிறேன். வேனையே வாடகைக்கு விடுபவர் வாசலுக்கு ஓட்டிப்போய், ஏசியை மூன்று தடவை அணைத்துப் போட்டு, கம்ப்ரஸர் எடுத்ததைக் காதால் கேட்டபிறகுதான் முன்பணம் கொடுத்தேன். பில்லும் வாங்கிவிட்டேன்.