பாளையங்கோட்டைக் கவிதைப் பட்டறை: இரண்டு ஆண்டுக்குப் பிறகு

மாதம் இரண்டு ஞாயிறு கூடும் பட்டறை. பாதி நேரம் எழுத்து, பாதி நேரம் மேடை. ஒரு குழுவுக்கு 12 பேர், ஆளுக்கு 16 வரிக்கு மிகாத ஒரு கவிதை. 20 பேர் வந்துவிட்டால் கடைசியில் வாசிக்கிறவர்களுக்குத் திருத்தமே கிடைக்காது. சேருமுன் ஆள் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரபுக் கவிதைப் பயிற்சி, திருக்குறளின் வடிவமான குறள் வெண்பாவில் தொடங்குகிறது. ஏழே சீர் (அசைகள் சேர்ந்த ஓசைத் துண்டு) என்பதால் பிழை ஒளிய இடமில்லை. அசை நேர், நிரை என இரு வகை; மா, விளம், காய் என்பவை சீர் வகைகள். மாச்சீரை அடுத்து நிரை, விளச்சீரை அடுத்து நேர், காய்ச்சீரை அடுத்து நேர் வர வேண்டும் (‘மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்’) என்பதை எல்லாரும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இடறுவது சொற்கள் சேரும் புணர்ச்சியில். ‘ஆறு ஓடும்’ என்று பிரித்து எழுதினால் தேமா, தேமா (இரண்டும் மாச்சீர்). மா முன் நேர் வந்து தளை (சீர்களின் இணைப்பு) தட்டும். வாய் தானாகச் சொல்வதோ ‘ஆறோடும்’. அது தேமாங்காய், ஒரே காய்ச்சீர். அடுத்து நேர் வரலாம். அதனால் முதலில் வாய்விட்டுச் சொல்லி, பிறகுதான் தாளில் அலகிட (அசை பிரித்துப் பார்க்க) வைக்கிறார்கள். எதுகைக்கென்று வந்து உட்கார்ந்த சொல்லுக்கும் ஒரு சோதனை உண்டு: அதை எடுத்துவிட்டுப் படித்துப் பொருள் குறையாவிட்டால், வேறு சொல் தேட வேண்டும்.

பட்டறையின் உயிர், வில்லுப்பாட்டிலிருந்து எடுத்த ‘ஆமா’ பயிற்சி. கோயில் கொடை விழாவில் புலவர் பாடப் பாட, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவாரே, அதேதான். ஒருவர் தன் புதுக்கவிதையை வாசிக்க, எதிரே இருப்பவர் தாளைப் பார்க்காமல், பொருள் நிற்கும் இடத்தில் ‘ஆமா’ போட வேண்டும். மூன்று முறை. ‘ஆமா’ விழுந்த இடமும் வரி முடிந்த இடமும் ஒத்துவராவிட்டால், வரியை ஏன் அங்கே உடைத்தோம் என்று காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத உடைப்புகள்தான் அதிகம். இந்த ஒரு பயிற்சிக்காகவே வரலாம்.

மேடையில் பெரும்பாலோர் சறுக்குவது வினைமுற்றில். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது; அதற்குள் மூச்சு தீர்ந்து குரல் இறங்கிவிடும். ‘வந்தான்’ என்றாரா ‘வரவில்லை’ என்றாரா என்பது பின்வரிசைக்குக் கேட்காது. கடைசி இரண்டு சொல்லுக்கு முன்னால் பென்சிலால் சிறு கோடு போட்டு, அங்கே கால் மூச்சு எடுக்கப் பழக்குகிறார்கள். இது பழக ஆறு மாதம் ஆகும், அவசரப்படக் கூடாது.

நம் பக்கத்து நாக்குக்கு மழை ‘மளை’தான். பேச்சு வழக்குக் கவிதையில் அப்படியே இருக்கட்டும், எழுத்துத் தமிழில் எழுதியதை வாசிக்கும்போது திருத்திக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நியாயமான முடிவு. ‘ள’வுக்கு நாக்கு அண்ணத்தைத் தொடும், ‘ழ’வுக்கு மடியும், ஆனால் ஒட்டாது.

மைக் நான்கு விரல் தூரத்தில், வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேரே இருந்தால் ஒவ்வொரு ‘ப’வும் வெடிக்கும். சவுண்ட் செட்காரர் பழக்கத்தில் எக்கோ வைத்திருப்பார். வாசிக்குமுன் அணைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் முந்தைய சொல்லின் வால் அடுத்த சொல்லை மூடிவிடும்.

குறை ஒன்று உண்டு. காவடிச் சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியாரின் சென்னிகுளம் சங்கரன்கோவில் பக்கம்தான். அப்படியிருந்தும், தாளத்தோடு பாடும் சிந்து வடிவத்துக்கு இரண்டே வகுப்பு. கைத்தாளம் நிலைப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது. ஐந்தாறு வகுப்பாவது வேண்டும். அதுவரை, சிந்து எழுத மட்டும் வருகிறவர்கள் தாளம் தெரிந்த ஒருவரிடம் தனியாகப் பழகிக்கொள்வதே நல்லது.