தனிக் கட்சியா, பெரிய கட்சிக்குள்ளா, இரண்டுமே வேண்டாமா? லிபர்டேரியன்களின் வழிகள்: ஓர் ஒப்பீடு

மனிதர்களின் வாழ்க்கையில் அரசின் தலையீடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நம்புகிறவர்கள் லிபர்டேரியன்கள். அவர்களுக்குள் அரை நூற்றாண்டாகத் தீராத ஒரு சண்டை உண்டு. தனிக் கட்சி தொடங்குவதா, பெரிய கட்சி ஒன்றில் சேர்ந்து உள்ளிருந்து வேலை செய்வதா, அல்லது கட்சிகளை விட்டுவிட்டு நீதிமன்றத்திலும் கருத்துக் களத்திலும் போராடுவதா? இந்தக் கொள்கையில் எனக்குப் பற்று உண்டு. அதனால்தான் நல்ல மனிதர்களின் உழைப்பு பலனில்லாத இடத்தில் கொட்டப்படுவதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சட்டம் ஒழிந்தது, எந்த வரி நீங்கியது, யாருக்குத் தன் வாழ்க்கைமேல் உரிமை திரும்பக் கிடைத்தது? முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வாக்குக் கணக்கு அப்புறம்தான்.

அமெரிக்காவின் லிபர்டேரியன் கட்சியிலிருந்து தொடங்கலாம். 1971 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் விலைக்கும் கூலிக்கும் கட்டுப்பாடு விதித்தார்; டாலருக்கும் தங்கத்துக்கும் எஞ்சியிருந்த தொடர்பையும் அறுத்தார். கொதித்துப்போன டேவிட் நோலனும் நண்பர்களும் அதே டிசம்பரில் கொலராடோவில் கட்சி தொடங்கினார்கள். 1972 அதிபர் தேர்தலில் இரண்டே மாநிலங்களின் வாக்குச் சீட்டில்தான் அவர்கள் வேட்பாளரின் பெயர் இருந்தது. கிடைத்தது நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குகள். 1980-ல் எட் கிளார்க் ஒரு சதவீதத்தைத் தாண்டினார். 2016-ல் நியூ மெக்சிகோவின் முன்னாள் ஆளுநர் கேரி ஜான்சன் ஏறத்தாழ 45 லட்சம் வாக்குகள், அதாவது 3.3 சதவீதம் வாங்கினார். இன்றுவரை அதுதான் உச்சம். 2024-ல் மறுபடியும் அரை சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கட்சியின் பெயரில் நின்று ஒருவர்கூட அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகவில்லை.

காரணம் கொள்கையின் குறை அல்ல, தேர்தல் முறை. அதிக வாக்கு வாங்கியவருக்கே தொகுதி என்ற முறையில், நாடெங்கும் பரவலாகப் பத்து சதவீத ஆதரவு இருந்தாலும் இடம் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இது வாக்காளருக்கும் தெரியும். அதனால் பிடித்தவரை விட்டுவிட்டு, அதிகம் பிடிக்காதவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்குப் போடுகிறார். தன் விருப்பப்படியே போடுகிறவர்மீது வாக்கைப் பிரித்த பழி வந்து விழுகிறது. 2020-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பைடன் 11,779 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அங்கே லிபர்டேரியன் வேட்பாளர் ஜோ ஜோர்கென்சன் வாங்கியது 62,000-க்கும் மேல். போதாக்குறைக்கு, வாக்குச் சீட்டில் பெயர் வரவே பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் திரட்ட வேண்டியிருக்கிறது. பிரசாரத்துக்குப் போக வேண்டிய பணமும் ஆட்களும் அதிலேயே கரைந்துபோகிறார்கள்.

இந்த முறையிலும் வேரூன்றிய கட்சிகள் இல்லையா என்று கேட்கலாம். 1959-ல் ராஜாஜி முன்னின்று தொடங்கிய சுதந்திராக் கட்சி, சந்தைச் சுதந்திரம் பேசியே 1967-ல் மக்களவையில் 44 இடங்களைப் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியானது. ஆதரவு சில மாநிலங்களில் குவிந்திருந்ததால் அது முடிந்தது. 1971-ல் வெறும் 8 இடங்கள், 1974-ல் வேறு கட்சியோடு இணைப்பு. ஓர் அலை திரும்பினால் இந்த முறையில் இறங்குமுகம் அவ்வளவு செங்குத்தாக இருக்கும்.

ஆனால் என் அளவுகோலின்படி பார்த்தால் அமெரிக்கக் கட்சியின் கணக்கு முழுப் பூஜ்யம் அல்ல. 1978-ல் டிக் ராண்டால்ஃப் அலாஸ்கா சட்டமன்றத்துக்கு லிபர்டேரியனாகத் தேர்வானார். தனிநபர் வருமான வரியை ஒழிக்கும் இயக்கத்தில் அவர் முன்னணியில் நின்றார், 1980-ல் அந்த வரி ஒழிந்தது. எண்ணெய் வருமானம் கொட்டிக்கொண்டிருந்த மாநிலம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்புறம் 2024 மே மாதம் டிரம்ப் அந்தக் கட்சியின் மாநாட்டுக்கே வந்து, 'சில்க் ரோடு' என்ற இணையக் கள்ளச்சந்தையை நடத்தியதற்காக ஆயுள் தண்டனையில் இருந்த ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பதாக வாக்களித்தார். 2025 ஜனவரி 21 அன்று மன்னிப்பு வழங்கினார். ஒரு மனிதன் சிறையிலிருந்து வெளியே வந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கட்சி என்று ஒன்று இருந்ததால்தான் பேரம் பேச அங்கே ஒரு மேடை இருந்தது.

சரி, உள்ளிருந்து வேலை செய்வது? இதற்கு ரான் பால் போல ஒரு தெளிவான சோதனை கிடைப்பது அரிது. அவர் 1988-ல் லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளர். வாங்கியது சுமார் 4.3 லட்சம் வாக்குகள். 2012-ல் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் சுமார் 20 லட்சம். அது கட்சிக்குள் நடந்த போட்டி என்பதால் மொத்த வாக்காளர் எண்ணிக்கையே குறைவு. அப்படியிருந்தும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கொள்கையிலும் அவர் பெரிதாக மாறிவிடவில்லை. விவாத மேடைகளில் மற்ற வேட்பாளர்களுக்குச் சமமாக நின்று போரையும் மத்திய வங்கியையும் கேள்வி கேட்டார். மத்திய வங்கியைத் தணிக்கை செய்ய, கீழவை உறுப்பினராக அவர் கொண்டுவந்த மசோதா 2012 ஜூலையில் கீழவையில் 327-க்கு 98 என்று நிறைவேறியது. மேலவையைத் தாண்டவில்லை என்பது வருத்தம்தான். ஆனால் வெளியே நின்றிருந்தால் அது வாக்கெடுப்புவரைகூட வந்திருக்காது.

நியூ ஹாம்ப்ஷயரில் இதையே கூட்டாகச் செய்து பார்த்தார்கள். ஒரே சின்ன மாநிலத்தில் குடியேறினால் குரல் கேட்கும் என்று 2001-ல் ஜேசன் சோரன்ஸ் சொன்ன யோசனை அது. 2016-க்குள் 20,000 பேர் குடியேற ஒப்பந்தம் போட்டார்கள். அத்தனை பேரும் வந்து சேரவில்லை. வந்தவர்களில் தேர்தலில் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சி வேட்பாளர்களாகத்தான் நின்றார்கள். வட்டி, ஈவுத்தொகை மீதிருந்த மாநில வரி 2025-ல் அங்கே இல்லாமல் போனதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இந்த வழிக்கும் விலை இருக்கிறது, அது கசப்பான விலை. பெரிய கட்சி உங்கள் வரிக்குறைப்பை எடுத்துக்கொள்ளும். குடியேற்றம், போதைப்பொருள் சட்டம், சுங்க வரி, ராணுவச் செலவு என்று வரும்போது உங்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடும். கீழவை உறுப்பினர் ஜஸ்டின் அமாஷ் அதைத் தாங்க முடியாமல் 2019-ல் குடியரசுக் கட்சியை விட்டு வெளியேறி, மறு ஆண்டு லிபர்டேரியன் கட்சிக்கு வந்தார். அந்தப் பதவிக்காலத்தோடு அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கை முடிந்தது. இன்னும் மோசம், பத்து வருடம் உள்ளே இருந்தபின் எதற்காகப் போனோம் என்பதையே மறந்துவிடுகிறவர்கள். அவர்களும் இருக்கிறார்கள்.

விகிதாசாரப் பிரதிநிதித்துவம், அதாவது வாங்கிய வாக்கு விகிதப்படி கட்சிக்கு இடங்கள் என்ற முறை, உள்ள நாடுகளில் நிலைமை தலைகீழ். அங்கே தனிக் கட்சி தொடங்கத் தயங்குவதுதான் தவறு என்பேன். நியூசிலாந்தின் ஆக்ட் கட்சியைப் பாருங்கள். 1996-ல் முதல் தேர்தலிலேயே 8 இடங்கள். பிறகு தேய்ந்து, 2014-ல் டேவிட் சீமோர் என்ற ஒரே உறுப்பினரோடு நின்றது. அந்த ஒருவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான், தீராத நோயில் மரணத்தை நெருங்கியவர்கள் மருத்துவ உதவியோடு உயிர்துறக்க அனுமதிக்கும் சட்டமாக 2019-ல் நிறைவேறியது. 2020 பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதை உறுதிசெய்தார்கள். தன் உடல், தன் உயிர், தன் முடிவு என்ற கொள்கைக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்கிறது? 2023-ல் 11 இடங்களோடு கூட்டணி அரசிலும் சேர்ந்தார்கள்.

அர்ஜென்டினாவை இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள், நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். ஹாவியேர் மிலேயின் கூட்டணி 2021-ல் உருவானது, 2023-ல் அவர் அதிபர். முதல் சுற்றில் சுமார் 30 சதவீதமே வாங்கியவர், இரண்டாம் சுற்றில் 55 சதவீதத்தைத் தாண்டினார். இரண்டு சுற்று முறையும், ஆண்டுக்கு 140 சதவீதத்தைத் தாண்டிய பணவீக்கமும் இல்லாமல் அது நடந்திருக்குமா? பதவியேற்றபோது 257 பேர் கொண்ட கீழவையில் அவர் தரப்புக்கு 40 இடங்கள்கூட இல்லை. பெரும் சீர்திருத்த மசோதா 2024 பிப்ரவரியில் தடுமாறி, பலவற்றை வெட்டிய பிறகு ஜூனில்தான் தேறியது. நெருக்கடியில் எழுந்த ஒரு தனிமனித அலையை, எந்த நாட்டிலும் செய்யக்கூடிய திட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கட்சிக்கு வெளியே கிடைத்த வெற்றிகள் பேசப்படுவதே குறைவு. அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை 1973-ல் முடிவுக்கு வந்ததில் மில்டன் ஃப்ரீட்மேன் உறுப்பினராக இருந்த அரசு ஆணையத்தின் அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. 2005-ல் கீலோ வழக்கில், தனியார் வளர்ச்சித் திட்டத்துக்காக வீட்டைப் பறிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்காரருக்காக வாதாடிய சட்ட அமைப்பு தோற்றது. ஆனால் மக்கள் கோபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்தின. மக்கள் மனம் மாறாமல் பதவியை மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயரின் க்ராய்டன் ஊர் சாட்சி. 2022 மார்ச்சில் கூட்டம் குறைவாக வந்த ஊர்க் கூட்டத்தில் பள்ளி பட்ஜெட்டைப் பாதியாக வெட்டினார்கள். மே மாதம் ஊரே திரண்டு வந்து 377-க்கு 2 என்ற வாக்கில் அதை ரத்துசெய்தது.

வாக்களிப்பதே பாவம் என்று லிபர்டேரியன் சிந்தனையாளர் சாமுவேல் கொன்கின் வழியில் ஒதுங்குகிறவர்களின் நேர்மையை மதிக்கிறேன். அவர்கள் ஒழித்த சட்டம் ஒன்றையும் என்னால் காட்ட முடியவில்லை.

ஆக, அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் நாட்டில் தேசிய அளவில் தனிக் கட்சிக்கு என் ஆதரவு இல்லை. அங்கே உட்கட்சித் தேர்தலில் போட்டியிடுங்கள், ஒரே ஒரு சட்டத்தைக் குறிவைத்து வழக்குப் போடுங்கள், கூடவே தேர்தல் முறையையும் மாற்றப் போராடுங்கள். மெய்ன் மாநிலத்தில் 2016-லும் அலாஸ்காவில் 2020-லும் மக்களே வாக்களித்து விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் வாக்காளர் வேட்பாளர்களை விருப்பப்படி வரிசைப்படுத்துவார்; முதல் விருப்பத்தைச் சிறிய கட்சிக்குக் கொடுத்து அது தோற்றாலும் வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும், வீணாகாது. நியூசிலாந்திலும் வரிசை இதுதான்: 1993 பொதுவாக்கெடுப்பில் பழைய முறையைத் தூக்கி எறிந்தார்கள், ஆக்ட் கட்சி பிறந்தது 1994-ல்.