மனோரஞ்சிதம்: ஏழெட்டு ஆண்டு வளர்ப்பில் தெரிய வருபவை

செடி செழிப்பாக இருந்தும் மனோரஞ்சிதம் பூக்காமல் போவதற்குப் பெரும்பாலும் கத்தரிக்கோல்தான் காரணம். கிளையில் தடித்து வளைந்து நிற்கும் கொக்கியை முள் என்று நினைத்து நறுக்கிவிடுகிறார்கள். அது முள் அல்ல, பூக்காம்பு. மொட்டு அதில்தான் ஒன்றிரண்டாக வரும். பக்கத்துக் கிளையைப் பற்றி ஏறவும் செடிக்கு அதுதான் கை. ஆகவே புதராக வைத்துக்கொள்ள விரும்பினால், பூ ஓய்ந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, கொக்கி இல்லாமல் சாட்டைபோல் நீளும் கிளைகளையும் காய்ந்த குச்சிகளையும் மட்டும் எடுங்கள். வேலியை வெட்டுவதுபோல் மாதந்தோறும் மட்டமாக வெட்டினால் ஆண்டு முழுக்க இலைதான்.

பூ விரியும்போது இலையின் பச்சையிலேயே இருக்கும், மணம் இராது. மூன்று மூன்றாக இரண்டு அடுக்கில் ஆறு தடித்த இதழ்கள். சில நாளில் மஞ்சளாகிப் பழுக்கும்போதுதான் வாசனை எழும். எந்தப் பழத்தை நினைத்து முகர்ந்தாலும் அந்த வாசனை வரும் என்பார்கள். பழுத்த வாழையும் பலாவும் கலந்த மணம் என்பது சரியாக இருக்கும். மணத்துக்குப் பாம்பு வரும் என்பதை நம்ப வேண்டாம். அடர்ந்த எந்தப் புதரின் அடியிலும் பாம்பு ஒதுங்கலாம். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குக் கீழ்க்கிளைகளை எடுத்து, சருகைக் கூட்டிவிட்டால் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியும்.

அரை நாள் வெயில் போதும். இரண்டடிக்கு இரண்டடி குழியில் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவில். களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகும். தொட்டி என்றால் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, பூவும் தரையில் வளர்வதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் பாயும் தோட்டங்களில் இன்னொரு தொல்லை உண்டு: நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் மட்டும் வெளிறிப்போகும். இது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், இந்த நீரால் மண்ணில் ஏறும் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடிவதில்லை. அதனால் இலைவழியாகக் கொடுப்பதே விரைவில் பலன் தரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இரு வார இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள். மழைநீர் கிடைத்தால் அதையே விடுங்கள்.

மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் போதும். எறும்பு ஏறுவதைத் தடுக்காவிட்டால் மாவுப்பூச்சி திரும்ப வரும். இலையைக் கடிக்கும் பச்சைப் புழுவைக் கொல்லாதீர்கள். கறுப்பு இறகில் பச்சைப் புள்ளியிட்ட பட்டாம்பூச்சியின் பிள்ளை அது, நெட்டிலிங்கத்திலும் வளரும். வளர்ந்த செடிக்கு அதனால் சேதம் ஒன்றும் இல்லை.

விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும், பூக்க ஆண்டுகள் ஆகும். கிளையைச் செடியில் இருக்கும்போதே வேர்விடச் செய்து பிரிக்கும் விண்பதியம்தான் நல்ல வழி. மழை தொடங்கும்போது, பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பு போகச் சுரண்டி, பிழிந்த தென்னை நார்க்கழிவை வைத்து பாலிதீனால் இறுகக் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர் பாலிதீன் தாள் வழியே தெரியும். வெள்ளையாக இருக்கும்போது வெட்டாமல், பழுப்பேறிக் கிளைத்த பிறகே பிரித்து, ஒரு மாதம் நிழலில் வையுங்கள்.