தராசு வந்த பிறகு அம்மாவின் ‘கொஞ்சம்’

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மேலே கண்ணாடித் தட்டு, 5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் வரை காட்டும், இரண்டு சின்ன பேட்டரி. பிரெட் சுடப் பழகும் மகளுக்காக வாங்கியது. அதை நோண்டிக்கொண்டிருப்பது என்னவோ நான்தான்.

எனக்குச் சமையல் சொல்லித்தந்தவர்கள் இரண்டு பேர். முதலில், வேலைக்குப் போன புதிதில் கூடத் தங்கியிருந்த நண்பன். அவனிடம் இருந்தது ஒரே டம்ளர். அரிசியும் அதில்தான், தண்ணீரும் அதில்தான். “டம்ளர் பெரிசோ சின்னதோ, ரெண்டுக்கும் அதே டம்ளரா இருந்தா போதும்டா” என்பான். அப்புறம் அம்மா, அதுவும் போனில். “கொஞ்சம் உப்பு போடு.” “கொஞ்சம்னா எவ்வளவும்மா?” “பார்த்தாத் தெரியாதா?” வற்புறுத்திக் கேட்டால் “சரி, ஒரு ஸ்பூன்” என்பார். போடுவேன், கரிக்கும். அம்மாவுக்குச் சமைக்கத் தெரியும், சொல்லித்தரத் தெரியாது என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன்.

தராசு வந்த சமயம் அம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “தூள் உப்பா வச்சிருக்கே?” என்றார். அவர் வீட்டில் எப்போதும் கல் உப்புதான். அன்று மாலையே கல் உப்பும் வாங்கி வந்து, இரண்டையும் பத்துப் பத்து ஸ்பூன் தலைதட்டி அளந்து தராசில் கொட்டினேன். தூள் 61 கிராம், கல் 47. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பூனைத் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர் 1896-லேயே தன் சமையல் புத்தகத்தில் வலியுறுத்தியவர். நானும் ஒழுங்காகத் தலைதட்டித்தான் போட்டேன். உப்பு வேறாக இருந்தால் தலைதட்டி என்ன பயன்? அம்மா சொன்ன அளவு சரி, என் டப்பாதான் வேறு.

மாவும் இப்படித்தான். ஒரே கப்பில் அள்ளிப்போட்டால் ஒரு எடை, அழுத்தி நிரப்பினால் இன்னொன்று. மகள் 500 கிராம் மாவுக்கு 325 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு மாவு ஒரே பதத்தில் வருகிறது. கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, மாவைக் கொட்டி, மறுபடி பூஜ்யமாக்கி, அதிலேயே தண்ணீரை ஊற்றலாம். கழுவ ஒரு பாத்திரம் மிச்சம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

இனி குறைகள். உப்பை மெதுவாகத் தூவினால் எண் நகரவே மாட்டேன் என்கிறது. சின்னச் சின்ன மாற்றத்தைத் தானாகவே பூஜ்யமாக்கிக்கொள்ளும் குணம் இவ்வகைத் தராசுகளில் உண்டு. முதல் வாரம் இது தெரியாமல் ஈஸ்ட்டைத் தட்டித் தட்டிப் போட்டு, மாவு கிண்ணத்தைத் தாண்டி வழிந்தது. சிறிய அளவைத் தனியாக ஒரு காகிதத்தில் எடுத்து, மொத்தமாக வைத்துப் பார்ப்பதே நல்லது. அகலப் பாத்திரம் வைத்தால் திரை மறைந்துவிடுகிறது. இரண்டு நிமிடம் சும்மா விட்டால் அணைந்தும்விடுகிறது. அம்மாவுடன் போன் பேசிக்கொண்டே சமைப்பவனுக்கு இரண்டு நிமிடம் எந்த மூலைக்கு?

அம்மா மூன்று விரலில் எடுக்கும் உப்பையும் எடை போட்டேன். ஒரு சிட்டிகையை இந்தத் தராசு நம்பும்படி காட்டாது, அதனால் பத்துச் சிட்டிகை சேர்த்து. முதல் முறை 18 கிராம், இரண்டாம் முறை 19. என் விரல்கள்? 11, அடுத்தது 24. “எதுக்குடா இதெல்லாம்?” என்று கேட்டுவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார்.

வெங்காயம் வதக்கும்போது தராசுக்கு வேலை இல்லை. அங்கே இன்றைக்கும் அம்மாதான். “போனை வாணலிகிட்ட வை” என்பார். வைப்பேன். ஈரம் இருக்கும்வரை சடசடவென்று பெரிய சத்தம். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மெலியும். ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும், அது போன பிறகுதான் மேலே ஏறி வெங்காயம் சிவக்கத் தொடங்கும். இந்தக் காரணமெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அம்மா காதை வைத்தே சொல்லிவிடுவார்: “அடங்கிடுச்சு பாரு, இனி கையை எடுக்காம கிளறு.”

வாங்கலாமா என்றால், பிரெட், கேக் செய்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஈஸ்ட், உப்பு மாதிரி சில கிராம் விஷயங்களுக்கு 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு தனியாக வேண்டும். வீட்டில் கை அளவில் சமைக்கும் பெரியவர் யாராவது இருந்தால், அவர் கையில் எடுத்ததைச் சட்டியில் போடுவதற்கு முன் இதில் ஒருமுறை போடச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் திட்டுவார்கள்.