பழைய ஆகரைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி 240 டாலரைச் சுருட்டிக்கொண்டார்கள்

உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள், பனியில் துளை போடக் கையால் சுழற்றும் திருகுக் கருவியான தங்கள் பழைய ஆகரை யாரிடமாவது ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடவும். பழைய பொருள்கள் கைமாறும் ஓர் இணையச் சந்தையில், ஆகரின் துருவை நீக்கி, அலகுகளைச் சாணை பிடித்து, மேலே உள்ள சுழற்றுக் கைப்பிடியை எடுத்துவிட்டு பேட்டரி டிரில்லில் மாட்டும்படியான தண்டைப் பொருத்தித் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் 240 டாலரைப் பறிகொடுத்திருக்கிறேன்.

என்னை நம்ப வைத்தவை அவர் கேட்ட கேள்விகள். ஆகர் 6 அங்குலமா 8 அங்குலமா, தண்டின் விட்டம் என்ன, டிரில் 18 வோல்ட்டா, பிரஷ்லெஸ் மோட்டாரா, பக்கக் கைப்பிடி உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அலகு பனியில் சிக்கிக்கொண்டால் டிரில் திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும் என்று அக்கறையோடு எச்சரிக்கவும் செய்தார். சொன்னது அத்தனையும் சரிதான். தொழில் தெரியாதவன் இப்படிப் பேச முடியாது. சந்தையின் வழியாகப் பணம் கட்டினால் தரகு பிடிப்பார்கள், நேராக அனுப்பிவிடுங்கள் என்றார். 240 டாலரும் முன்பணமாகவே போயிற்று.

திரும்பி வந்த ஆகரில் சிவப்புப் பெயின்ட் பளபளத்தது. நகத்தால் சுரண்டினால் பெயின்டோடு சேர்ந்து துருவும் செதில் செதிலாக உதிர்ந்தது. அலகுகளின் விளிம்பு நீலம் பாரித்திருந்தது. எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் அந்த நிறம் வரும். தண்ணீரில் தோய்த்தெடுக்காமல் எந்திரச் சாணையில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். பதம் இறங்கிய விளிம்பில் கூர்மை நிற்காது. அதைவிடக் கொடுமை, விளிம்புக்குப் பின்னால் இருக்க வேண்டிய சரிவையும் தேய்த்து மட்டமாக்கியிருந்தார்கள். அந்தச் சரிவு இல்லாவிட்டால் அலகின் பின்பகுதி பனியில் உட்கார்ந்துகொள்ளும், விளிம்பு பனியைக் கடிக்காது. ஏரியில் நிறுத்தி டிரில்லை முடுக்கியபோது அதுவே நடந்தது: பனியின் மேல் 6 அங்குல வட்டம் ஒன்று கண்ணாடிபோல் மெருகேறியதே தவிர, துளை விழவில்லை. தண்டை மையம் தவறிப் பற்றவைத்திருந்ததால் ஆகர் முழுவதும் தலையாட்டியது. டிரில்லின் முனையில் தண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் பிடி தளர்ந்து ஆகர் கழன்றால் அது துளை வழியாக ஏரிக்குள் போய்விடாமல் தடுக்கும் அகலமான தட்டையும் காணோம். அந்த 240 டாலரில் அதற்கும் விலை சேர்ந்திருந்தது. துளையே விழாததால் ஆகர் மூழ்காமல் தப்பியது, அதுவரை லாபம்.

அதன்பின் வந்த சமாதானங்கள்தான் பணம் போனதைவிட எரிச்சலூட்டுகின்றன. முதலில், உங்கள் டிரில்லுக்குத் திறன் போதாது என்றார். அதே டிரில்லின் விவரங்களைக் கேட்டு, தாராளமாகப் போதும் என்று எழுதியவரும் அவரே. பிறகு, குளிரில் பேட்டரி சோர்ந்திருக்கும் என்றார். நீல விளிம்பைப் படமெடுத்து அனுப்பியதும், அலகு பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. போகட்டும், என் பழைய கைப்பிடியையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அது பழைய இரும்போடு போய்விட்டதாம். இப்போது என் தொலைபேசி எண்ணையே முடக்கிவிட்டார். சந்தையில் முறையிட்டால், எங்கள் வழியாகச் செலுத்தாத பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். அலகுகளைச் சாணைக்குக் கொடுப்பதைவிட, உங்கள் ஆகருக்கென்றே விற்கும் புதிய அலகுகளை வாங்கி மாட்டுங்கள். டிரில்லுக்கான தண்டு தனியாகவே விற்கிறது. விட்டத்தை அளந்து வாங்கினால் பற்றவைப்பே தேவையில்லை, ஒரு போல்ட் போதும். தடுப்புத் தட்டு இல்லாமல் துளையிடாதீர்கள். கழற்றிய கைப்பிடியைக் கையிலிருந்து விடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன். 240 டாலருக்காக இன்னொரு முறையீடு அனுப்ப வேண்டியிருக்கிறது.